ஒன்றரை அங்குலப் பெரும்போர்

உலகீர், கேளீர்! நின்றவர் அமர்க, அமர்ந்தவர் நிமிர்க, வாயில் எதையாவது மென்றுகொண்டிருப்பவர் அதை விழுங்கிவிட்டு வருக. மண்ணுக்காக மாண்ட மன்னர் கதைகளையும் பெண்ணுக்காக வெந்த நகரங்களின் கதைகளையும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன உங்கள் செவிகளுக்கு, இதுகாறும் எந்தப் புலவரும் பாடத் துணியாத, எந்தக் கல்வெட்டும் தாங்க வலுவில்லாத மகாயுத்தம் ஒன்றின் வரலாறு இன்று முரசறைந்து அறிவிக்கப்படுகிறது. அது ஒரு கோட்டின் நீளம் பற்றியது.

வாழி, வட்டக் குகைவாய்ப் பெரும்பொறியே! படுத்தவரை விழுங்கிப் பத்து மூச்சுக்குள் துப்பிவிடும் பேரருளே! குடலின் கோணலையும் கல்லீரலின் கள்ளத்தையும் குருதி சிந்தாமல் கண்டு சொல்லும் குற்றமிலாச் சாட்சியே! பாடுபொருள் சிறிது, பாட்டுடைத் தலைவரோ பெரிது. நடுவில் மாட்டிக்கொண்ட இக்காதைக்கு நீயே காப்பு.

வாழி, அப்பொறிக்கு அதிபதியும், ஐந்து மாடி மருத்துவமனையின் தரைத்தள இருட்டறைக்குத் தனிப்பெருங் கொற்றவரும், கதவுப் பலகையில் ஒன்பது வரி மெய்க்கீர்த்தி பொறித்தவருமான பெரிய டாக்டர்! அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்தது; மெய்க்கீர்த்தியின் நெரிசலில் அதை யாரும் படித்ததில்லை. தோல் கடந்து, தசை கடந்து, கொழுப்பின் கோட்டை மதில் கடந்து உள்ளுறுப்புகளின் அந்தப்புரம்வரை ஊடுருவும் விழியினர். இருட்டறையில் இருபத்தெட்டாண்டு வீற்றிருந்து சூரியனைத் தன் மேனிமேல் படவிடாமல் வென்றவர். நடை என்பது காரிலிருந்து லிஃப்ட்வரை என்று எல்லை வகுத்தவர். பாலைக் கண்டால் முகம் சுளித்துக் கறுப்புக் காப்பியைக் கடலளவு குடித்தவர். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நாளொன்றுக்கு எட்டு வேள்வி வளர்த்து ஊதித் தள்ளுபவர். வயது அறுபத்தொன்று. உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம்.

இந்தக் கடைசித் தகவலை யாரும் கேட்கவேண்டியதில்லை. அவரே சொல்லிவிடுவார். இருபத்தைந்தாம் வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு சுவரோரம் நிற்கவைத்து அளந்து எழுதியது அது. அன்றுமுதல் அவ்வெண்ணை ஒரு பட்டத்தைப்போல் சுமந்துவந்தார். எதிரில் நிற்பவரைப் பார்க்கும்போது தலையைத் தாழ்த்தாமல் இமையை மட்டும் தாழ்த்துவது அவருடைய அரச முத்திரை. எந்தக் கூட்டத்திலும் எந்த எதிரிக்கும் புறமுதுகு காட்டியதில்லை என்பது அவர் பெருமை. அதில் ஒரு சிறு சிக்கல் என்னவென்றால், பிறருக்குக் காட்டாத முதுகைத் தாமும் பார்த்துக்கொண்டதில்லை.

அத்தகு பெருமகனுக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது. போதிமரத்தடியில் அல்ல, ஒரு மருத்துவக் கருத்தரங்கின் சாப்பாட்டு வரிசையில், தட்டும் கையுமாக முன்னால் நின்றவர் தமக்கு முன்னால் நின்றவரிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டதால். அந்த ஞானம், உள்ளபடி சொன்னால், நல்ல ஞானம்தான். வயிற்றுவலி, கல், கட்டி என்று எத்தனையோ பேர் ஸ்கேன் எடுக்க வருகிறார்கள். வயிற்றைப் படமெடுத்தால் அதன் பின்னால் முதுகெலும்பும் சேர்ந்தே விழுகிறது, குடும்பப் படத்தில் பின்சுவர் விழுவதுபோல. சுவரை யார் பார்க்கிறார்கள்? ஆனால் அந்த எலும்பின் நடுவில் கணினியில் ஒரு சிறு வட்டம் போட்டால் ஓர் எண் வரும். எண் நூற்றுக்குக் கீழே போனால் எலும்பு உள்ளுக்குள் பஞ்சாகிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதற்கு முன்பே ஆளை எச்சரிக்கலாம். புதிய படம் வேண்டாம், புதிய செலவு வேண்டாம், கூடுதல் கதிர் வேண்டாம். ஏற்கெனவே எடுத்ததை ஒருமுறை பார்த்தால் போதும்.

பார்த்தால் போதும் என்ற காரியத்தைப் பார்த்து முடித்துவிட்டால் அதில் புகழ் எங்கே இருக்கிறது? ஆகவே பெரிய டாக்டர் ஒரு குழு அமைத்தார்.

குழு அமைந்ததும் பகை அமைந்தது. மூன்றாம் மாடியில் எலும்புத் துறையை ஆண்டவர் எலும்பு டாக்டர். நம் தலைவரோடு ஒரே கல்லூரியில் படித்து, ஒரே விடுதி அறையில் ஒரே பக்கெட்டுக்காக ஐந்தாண்டு அடித்துக்கொண்டவர். எலும்பின் அடர்த்தியை அளப்பதற்கென்றே அவரிடம் தனி மெஷின் ஒன்று உண்டு. அதற்குப் பூப்போட்ட போர்வை போர்த்தி, அதன் அறைக்குப் பூட்டுப்போட்டு, சாவியைக் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையோடு கோத்துக் காத்துவந்தார். அண்டை நாட்டான் ஆநிரை கவர வருகிறான் என்று கேட்ட எல்லைக் காவலன்போல் அவர் சிலிர்த்து எழுந்தார். எலும்பு எங்கே இருந்தாலும், அது வயிற்றுப் படத்தின் பின்னாலேயே ஒளிந்துகொண்டிருந்தாலும், தம் ஆட்சிக்குட்பட்டது என்று முழங்கினார். எலும்பு எவருடையதாயினும் படம் தம்முடையது என்று பெரிய டாக்டர் எதிர்முழங்கினார். நோயாளியுடையது என்று எவரும் முழங்கவில்லை. நோயாளிகளைக் குழுவில் சேர்த்திருக்கவில்லை.

ஆறு கூட்டங்கள். எண்பத்து நான்கு பிஸ்கட்டுகள். எலும்பு மெலிவைச் சொல்லும் அந்த ஒற்றை வரி அறிக்கையின் தலையில் வருவதா காலில் வருவதா என்று முதல் கூட்டத்தில் வாள் மோதியது. தடித்த எழுத்தா மெல்லிய எழுத்தா என்று இரண்டாம் கூட்டத்தில் வேல் பாய்ந்தது. அடியில் யார் கையெழுத்து என்ற கேள்வி எழுந்தபோது, தும்பை சூடிய இரு சேனைகள் ஒரே வாய்க்காலின் இரு கரையில் ஒன்றையொன்று முறைத்து நின்றாற்போல, இருவரும் தத்தம் பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அசையாதிருந்தனர். முடிவில் ஓர் உடன்படிக்கை பிறந்தது. இரு வண்ணப் படிவம் ஒன்று அச்சிடப்படும். மேல்பாதி நீலத்தில் ஒருவர், கீழ்ப்பாதி பச்சையில் மற்றவர் கையொப்பமிடுவர். ஒரு வெள்ளிக்கிழமை அது ரிப்பன் வெட்டித் திறந்துவைக்கப்படும். ஒரு தாளை எப்படித் திறந்துவைப்பது என்று கேட்ட கீழ்நிலை எழுத்தர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

அதுவரை? அதுவரைக்கான பேராணையைப் பெரிய டாக்டரே தம் கைப்பட இயற்றி, இருட்டறை வாசலில் நான்கு குண்டூசிகளால் அறைந்தார்:

“இதனால் யாவர்க்கும் அறிவிப்பது யாதெனில், இன்றுதொட்டு வயிற்று ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொருவரின் எலும்பும் வட்டமிட்டு அளக்கப்படும். மெலிவு காணப்படின், அச்செய்தி திறப்பு விழாவுக்கு முன்னர் எவருக்கும் தெரிவிக்கப்படலாகாது. தாள்கள் யாவும் பச்சை ஃபைலில் உறங்குக. இவ்விதி ஆண்டவனுக்கும் ஆண்டிக்கும் ஒன்றே. விலக்கு இல்லை.”

வட்டமிடும் பணி ஸ்கேன் அக்காவுக்கு வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு இப்பாலிருந்து ஒலிபெருக்கியில், “மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க” என்று பதினெட்டாண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, வீட்டில் குழம்பு கொதிக்கும்போதும் அதையே சொல்பவர் அவர். தம்மைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றார்கள். மருத்துவமனைகளில் யார் காரியம் நடத்துகிறாரோ அவருக்கு அப்படி ஒரு முறை ஏற்பட்டுவிடும். ஆணையை அவர் இருமுறை படித்தார். பச்சை ஃபைல் ஒன்றை எடுத்து முதுகில் பெயர் எழுதி அலமாரியில் வைத்தார்.

இனிக் கேளீர், விதியின் விளையாட்டை. ஆணை பிறந்த மூன்றாம் வாரம், ஒரு திங்கட்கிழமைக் காலையில், கொற்றவரின் சிறுநீரகத்தில் கல்லொன்று கலகம் செய்தது. மதயானையின் மத்தகத்தில் அங்குசம் பாய்ந்தாற்போல் அவர் பிளிறினார். தமது பொறியின் குகைக்குள் தாமே படுத்தார். பிறரை நோக்கி எத்தனையோ ஆயிரம் முறை ஒலித்த “பிடிங்க, விடுங்க” என்ற குரல் தம்மை நோக்கி ஒலித்தபோது பிடிக்கவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் விழித்தார். நாலு மில்லிமீட்டர் கல். அறிக்கையைத் தாமே எழுதித் தாமே கையெழுத்திட்டார். தம் வயிற்றை வேறு எவன் படிக்கத் தகுதியுடையவன்? கல் தெரிந்ததும் படித்தது போதுமென்று படத்தை மூடினார். கல்லும் மறுநாள் தண்ணீரோடு தண்ணீராகக் களம் விட்டு ஓடியது. நாடெங்கும் பின்சுவரைப் பார்க்கச் சொன்ன மகான் தம் படத்தின் பின்சுவரைப் பார்க்கவில்லை.

ஸ்கேன் அக்கா பார்த்தார். ஆணைப்படி வட்டமிட்டார். எண் எண்பத்து நான்கு. அதோடு விலாவெலும்பு முடியும் இடத்து முதுகெலும்பு ஒன்று, யாரோ உட்கார்ந்து எழுந்த அட்டைப்பெட்டியைப்போல் முன்பக்கம் சப்பியிருந்தது. ஆணைப்படி தாளில் எழுதி ஃபைலில் வைத்தார். வைத்த கை ஃபைலை மூட மனமின்றி ஒரு கணம் நின்றது. மேலாளரே ஆனாலும் மனிதர்தானே. ஒரு தும்மல் பலமாக வந்தால் அடுத்த எலும்பும் சப்பிவிடும்.

லிஃப்ட் வாசலில் வழிமறித்தார். “சார், அந்தப் பச்ச ஃபைல் விஷயமா...”

“என் ஆணை என்ன?”

“விழாவுக்கு முன்னாடி யாருக்கும் சொல்லக் கூடாது.”

“விலக்கு?”

“இல்ல சார்.”

“அப்புறம்?”

“ஒண்ணுமில்ல சார்” என்றார் ஸ்கேன் அக்கா. லிஃப்ட் கதவு திரைச்சீலைபோல் மூடி, மன்னரை மேலே கொண்டுபோயிற்று.

மறுவாரம் தொலைபேசியில் முயன்றார்; படிவத்தின் நீலம் வானநீலமா மயில்நீலமா என்ற விவாதத்தின் நடுவில் அழைத்ததற்காகத் திட்டு வாங்கினார். அதற்கடுத்து விழா ஒத்திகையின்போது ரிப்பனின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே, “சார், உங்க ஸ்கேன்ல...” என்று தொடங்கினார். “கல்லு போயிடுச்சும்மா, தெரியும்” என்று அந்த வாக்கியம் அங்கேயே வெட்டப்பட்டது. விழாவின் முதல் வெட்டு அதுதான்.

அரண்மனையில் அறிகுறிகள் இல்லாமலில்லை. ஒவ்வொரு நாளும் காரில் ஏறியதும் பெரிய டாக்டர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைக் கீழ்நோக்கித் திருப்புவார், திருப்பிக்கொண்டே கர்ஜிப்பார். “இதை யார் தொட்டது?” அவருடைய மனைவி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்; கார் ஓட்டத் தெரியாதவர். “அந்தக் கண்ணாடியத் தொட்டு எனக்கு என்னங்க ஆகப்போகுது? நீங்கதான் சீட்டுல சரிஞ்சு உக்காந்திருக்கீங்க” என்பார். “நான் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கேன்!” என்று பதில் இடிக்கும். கார் நகரும். நடுமுதுகில் ஒரு மந்த வலி இருந்தது. அதற்கு அவர் நாற்காலியைக் குற்றம்சாட்டி இரண்டு நாற்காலிகளை நாடு கடத்தியிருந்தார்.

விழாவுக்கென்று ஒரு புதிய கோட்டு தேவைப்பட்டது. கரும்புலியின் தோல்போன்ற கருநிறம், உட்புறம் பட்டு, மூன்று பொத்தான். மருத்துவமனைக்கு எதிர்ச்சந்தில், ஒரே அகலமான மேசையும் ஒரே ஆளுயரக் கண்ணாடியும் வைத்துக் கடை நடத்திய டெய்லர்தான் பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கடைசியாகக் கோட்டு தைத்தவர். அளவெடுக்க வரச் சொன்னார். “நானா? என் அளவு மாறாது. பழைய நோட்டைப் பார்த்துத் தை” என்று தொலைபேசியில் அருளிச்செய்தார் பெரிய டாக்டர். டெய்லர் இருமுறை கேட்டார். இருமுறையும் ஐந்தடி பதினோரு அங்குலம் என்ற பதில் வந்தது. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: வாடிக்கையாளர் அடம்பிடித்தால் அவர் சொன்னபடியே தைத்து, தையலின் உள்மடிப்பில் மட்டும் துணியைத் தாராளமாக விட்டுவைப்பது. டெய்லர் விட்டுவைத்தார்.

புதன்கிழமை மாலை கோட்டு வீடு வந்தது. அணிந்தார். ஆடி முன் நின்றார். ஆ! என்ன சொல்ல! முன்பக்கம் கோட்டு தொடையைத் தாண்டித் தொங்கியது. பின்பக்கமோ வாலைத் தூக்கிய கோழிபோல் எழும்பி நின்றது. பொத்தான்களுக்கு நடுவே துணி, பஞ்ச காலத்துக் குளத்தின் சேறுபோல் மடிந்து மடிந்து கிடந்தது.

கணக்கு டீச்சர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “என்னங்க, கல்யாணத்துக்கு மாமா கோட்ட இரவல் வாங்கின மாதிரி இருக்கு.”

“தைச்சவன் குருடன்!”

“கொஞ்சம் நிமிருங்க, சரியாயிடும்.”

“நிமிர்ந்துதான் நிக்கறேன்!”

“இன்னும் கொஞ்சம்.”

“இதுக்கு மேல நிமிர்ந்தா மல்லாந்துதான் விழணும்!”

டீச்சர் இருபது ஆண்டுகளாகக் கணவரின் தாடைக்குத் தம் நெற்றி வர நின்று பழகியவர். இப்போது தம் நெற்றி எங்கே வருகிறது என்று கண்ணாடியில் பார்த்தார். அவர் காதுமடலுக்கு வந்தது. கணக்கு இடித்தது. ஆனால் அன்றிரவு வஞ்சினம் கூறிக்கொண்டிருந்த வீரரிடம் கணக்குப் பேச யாரால் முடியும்? “நாளைப் பொழுது புலர்வதற்குள் அல்ல, புலர்ந்து கடை திறந்ததும், அந்த ஊசிக்காரனின் அகம்பாவத்தை அறுத்தெறியேனாயின், விழா மேடையில் நான் வெறும் சட்டையோடு நிற்கக் கடவேனாக!” என்ற பொருள்படப் பெரிய டாக்டர் ஏதோ சொன்னார். சொன்ன சொற்கள் வேறு. அவை அச்சேறத் தகுதியற்றவை.

வியாழன் காலை. ஒருபுறம் ஒன்பது வரி மெய்க்கீர்த்தி, ஒருபுறம் தேய்ந்த செருப்பு. ஒருபுறம் சுருட்டிப் பிடித்த கோட்டு, ஒருபுறம் கழுத்தில் நாகம்போல் தொங்கிய அளவுநாடா. சந்தின் நடுவே நின்று பெரிய டாக்டர் கோட்டை உயர்த்திக் காட்டியபோது, எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். மெஷின் பாட்டுக்கு யாரோ ஒருவரின் சான்றிதழை நாற்பது நகல் எடுத்துத் தள்ளியது. முப்பதாண்டுத் தொழிலையும், மூன்று தலைமுறை நாணயத்தையும், ஊசியைக் கண்டுபிடித்தவனையும் சேர்த்துப் பழித்தார் நம் தலைவர். டெய்லர் வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் குத்தினார். வசவு ஓயும்வரை குண்டூசி இருந்தது. அது அவருடைய கணக்கு.

“போட்டுக்காட்டுங்க சார்” என்றார்.

போட்டார். டெய்லர் சுற்றி வந்தார். பழைய நோட்டை எடுத்துப் பிரித்துவைத்தார். நாடாவை உருவினார். கை நீளம் அளந்தார், நோட்டில் உள்ளதே. கால் நீளம் அளந்தார், நோட்டில் உள்ளதே. தோள் அகலம், அதுவும் அதேதான். பெரிய டாக்டரின் முகத்தில் வாகைப்பூ மலரத் தொடங்கியது. பிறகு தோளிலிருந்து இடுப்புவரை முன்பக்கம் நாடாவை இறக்கினார். நோட்டில் பதினெட்டு. நாடாவில் பதினாறரை.

டெய்லர் திரும்பவும் அளந்தார். பதினாறரை.

“திரும்புங்க சார்.”

“எதுக்கு?”

“முதுகு பாக்கணும்.”

உலகீர், எந்தப் பகைவனுக்கும், எந்தக் குழுக்கூட்டத்திலும், எந்தத் தலைமை மருத்துவருக்கும் காட்டப்படாத அந்தப் புறமுதுகு, பட்டப்பகலில், ஒரு தையல் கடையில், ஜெராக்ஸ்காரர் சாட்சியாகக் காட்டப்பட்டது. டெய்லர் உள்ளங்கையைப் பின்கழுத்திலிருந்து மெல்லக் கீழே ஓட்டினார். நடுமுதுகில் ஒரு வளைவில் கை ஏறி இறங்கியது. அழுத்தியதும் பெரிய டாக்டர் “ஸ்ஸ்” என்றார்.

“கையி சரியா இருக்கு, காலு சரியா இருக்கு. நடுவுலதான் சார் குறைஞ்சிருக்கு” என்றார் டெய்லர், துணியைப் பற்றிச் சொல்வதுபோல. “கழுவினா துணி சுருங்கும், நிறையப் பாத்திருக்கேன். இங்க துணி சுருங்கல. நீங்கதான் சுருங்கியிருக்கீங்க.”

“என்னய்யா உளர்ற!”

“எங்க பெரியக்காவுக்கும் இதே மாதிரிதான் சார். ரவிக்க முன்னாடி தொளதொளன்னு ஆச்சு, பின்னாடி தூக்கிச்சு. தச்சது நான், திட்டு வாங்கினதும் நான். ஆறு மாசம் கழிச்சு ஒரு தண்ணிக் குடத்தத் தூக்கினா, முதுகெலும்பு மளுக்குனு போச்சு. அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. அதுலருந்து அளவெடுக்க வர்றவங்க யாருக்காவது இப்படித் தெரிஞ்சா, ‘ஒரு தடவ எலும்பக் காட்டிருங்க’ன்னு சொல்லி அனுப்பிடுவேன்.” நாடாவைச் சுருட்டினார். “அதுக்குன்னு தனியாவா அளக்கறேன்? எப்படியும் எடுக்கற அளவுதானே. கண்ணுல பட்டத வாயால சொல்றதுக்கு என்ன? நீங்க ஸ்கேன் டாக்டர், உங்களுக்குத் தெரியாததா!”

மலைமீது இடி விழுந்தது. ஆறு கூட்டங்களிலும் எண்பத்து நான்கு பிஸ்கட்டுகளிலும் பெரிய டாக்டர் விளக்கி விளக்கி ஓய்ந்த மாபெரும் தத்துவத்தை ஒரு டெய்லர் ரவிக்கையை வைத்துச் சொல்லி முடித்துவிட்டார். அதுவும் படிவமே இல்லாமல். கோட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நாலைந்து அடி நடந்தார். பிறகு, தலைமுறைகள் நினைவில் வைக்கத்தக்க ஒன்றைச் செய்தார்: ஒரு கையை இடுப்பின்மேல் ஊன்றி, முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இருட்டறைக்குள் புயலெனப் புகவேண்டியவர் பூனையெனப் புகுந்தார். “அந்தப் பச்சை ஃபைலை எடும்மா.”

ஸ்கேன் அக்கா எடுத்துக் கொடுத்தார். ஆறு வாரத்துத் தாள்கள், இருநூற்றுப் பதினேழு பேர். அதைத் தூக்கவே இரண்டு கை வேண்டும் என்று எண்ணி இரு கையாலும் வாங்கியவருக்கு அது இறகுபோல் லேசாக வந்தது. திறந்தார். உள்ளே ஒரே ஒரு தாள். மேலே அவருடைய பெயர். நடுவே எண்பத்து நான்கு. கீழே, அக்காவின் உருண்டையான கையெழுத்தில்: “ஒரு எலும்பு சப்பியிருக்கிறது. உடனே எலும்பு டாக்டரைப் பார்க்கவும். கனமான எதையும் தூக்க வேண்டாம்.”

“மத்ததெல்லாம் எங்கே?”

ஸ்கேன் அக்கா மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சொல்லிட்டேன் சார்.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும். சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொருத்தரா ஃபோன் போட்டு.” உள்ளே படுத்திருந்தவருக்காக ஒலிபெருக்கியை அழுத்தினார். “மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க.” கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: “இருநூத்திப் பதினாறு பேர் கேட்டுக்கிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் சொல்லவே விடல.”

ஆணையை மீறிய குற்றத்துக்கு என்ன தண்டனை என்று மெய்க்கீர்த்தியின் ஒன்பது வரிகளிலும் தேடினார் பெரிய டாக்டர். கிடைக்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் போனார். கதவு திறந்ததும் கண்டது ஒரு கடல். எலும்புத் துறை வாசலில் நாற்பது ஐம்பது பேர். பெஞ்சில் பாதி, சுவரோரம் பாதி. ஒவ்வொரு கையிலும் ஒரு துண்டுச்சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் அதே உருண்டையான கையெழுத்து. பூப்போட்ட போர்வை உருவப்பட்டு, பூட்டுத் திறக்கப்பட்டு, அடர்த்தி மெஷின் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. நீலமும் பச்சையும் கூடிய படிவம் அச்சகத்தில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. நேராக உள்ளே போக எத்தனித்தவரை வாசலில் இருந்த நர்ஸ் ஏறிட்டும் பார்க்காமல், “டோக்கன் எடுத்துட்டு உக்காருங்கய்யா” என்றார். ஐம்பத்து மூன்றாம் எண். உட்கார இடமில்லை, நின்றார்.

இரண்டரை மணி நேரம் கழித்து உள்ளே அழைக்கப்பட்டார். எலும்பு டாக்டர் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார். விடுதி அறையில் பக்கெட்டுக்காக நடந்த ஐந்தாண்டுப் போர் உட்பட எல்லாவற்றுக்கும் பழிவாங்கும் வாய்ப்பு அந்த மேசைமேல் விரிந்து கிடந்தது.

“ஒரு மாசமா உன் ஆளுங்க வந்துட்டே இருக்காங்க” என்றார். “நீதான் அனுப்பறேன்னு நெனச்சேன். பரவாயில்லயே, கீழ ஒளிஞ்சு நல்லது பண்றானேன்னு கொஞ்சம் மதிக்கக்கூட ஆரம்பிச்சேன்.”

“குழுவுல ஏன் சொல்லல?”

“சொன்னா குழு முடிஞ்சுபோயிடுமே!” பேனா மூடியைத் திறந்தார். இம்முறை கையெழுத்துப் போட ஒருவர்தான் இருந்தார். “சிகரெட்ட விடு. வெயில்ல நட. சுண்ணாம்புச் சத்து மாத்திரை தினம். இது வாரத்துக்கு ஒண்ணு, காலைல வெறும் வயித்துல, நிறையத் தண்ணியோட. முழுங்கின பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, நிமிர்ந்தே இருக்கணும்.” சீட்டைக் கிழித்து நீட்டினார். “அது உனக்குப் பழக்கம்தானே.”

எதிரியிடமிருந்து வாங்கிய அந்தச் சீட்டின் மேல் உயரம் என்று ஒரு கட்டம் இருந்தது. வெளியே சுவரோரம் நிற்கவைத்து நர்ஸ் அளந்தார். ஐந்தடி ஒன்பதரை என்று உரக்கச் சொன்னார். வரிசையில் இன்னும் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். முப்பத்தாறு ஆண்டு ஆண்ட ஓர் எண் அங்கே, விளக்குமாறு சாத்தியிருந்த சுவரோரத்தில், முடிதுறந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மாவிலை இல்லை, மத்தளம் இல்லை. ஆனால் மேடை இருந்தது, ரிப்பன் இருந்தது, தங்கப்பூச்சுக் கத்திரி வெல்வெட் தட்டில் வாய் பிளந்து காத்திருந்தது. திசையெட்டும் புகழ் பரப்பவேண்டிய ஒலிபெருக்கி கரகரத்துத் தொண்டையைக் கனைத்தது. இரு வண்ணப் படிவம் எவரும் இனித் தேடவேண்டாத மணப்பெண்போல் திரைக்குப் பின்னால் நின்றது. ஐந்து மாடியிலிருந்தும் வந்து திரண்ட அவை, அண்டங்கள் அதிரவிருக்கும் அந்த உரைக்காக, கற்பாந்த காலக் கடல் பொங்குமுன் ஒரு கணம் அடங்குமே, அப்படி அடங்கி, பெரிய டாக்டர் வரவேண்டிய சந்துப்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

டெய்லர் கோட்டின் முன்பக்கத்தை ஒன்றரை அங்குலம் குறைத்துத் தைத்துக் கொடுத்தார்.